மூசி வெள்ளமும் ஊரார் வாக்கும்

ஆற்றங்கரையிலே ஊர் எழுப்பி வாழ்வது நம் நாட்டின் தொன்றுதொட்ட வழக்கம். ஆறு ஊருக்குச் சோறளிக்கும். ஆண்டில் சில நாள் அவ்வூரையே அச்சுறுத்தவும் செய்யும். இவ்விரண்டையும் உணர்ந்து, ஆற்றுக்கு உரிய இடத்தை ஆற்றுக்கு விட்டுத் தமக்கு உரிய இடத்தில் வாழ்ந்தவர்கள் நிலைத்தார்கள். அதனை மறந்தவர்கள் பட்டுத் தெளிந்தார்கள். ஐதராபாத், சிகந்தராபாத் என்னும் இரட்டை நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நாம், மூசி நதியைப் பேருந்தில் பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு பார்ப்பதோடு நின்றுவிடுகிறோம். ஆயினும் அந்நதியின் வெள்ள வரலாறு படித்தறியத்தக்கது. ஒரு நகரம் வெள்ளத்தினின்று தன்னைக் காத்துக்கொள்ளத் திட்டமிடும்போது யார் யாரைக் கேட்க வேண்டும் என்னும் வினாவுக்கு அவ்வரலாறு விடை தருகின்றது. அவ்விடையை நம் சங்கத்தின் ஆண்டு மலர் வாயிலாக நம்மவர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1908-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம்

மூசி நதி விகாராபாத்தை அடுத்த அனந்தகிரிக் குன்றுகளில் தோன்றிக் கிழக்கு நோக்கி ஓடி, நகரின் நடுவே புகுந்து, பின் நல்கொண்டா மாவட்டத்தில் கிருஷ்ணையாற்றோடு கலக்கின்றது. நகருக்கு மேற்கே ஈசி என்னும் துணையாறு இதனோடு சேர்கின்றது. கோடையில் இஃது ஓர் ஆறுதானா என்று ஐயுறும்படி வற்றிக் கிடக்கும். ஆதலின் அதன் கரையைத் தொட்டும், சில இடங்களில் கரைக்குள்ளேயும் மக்கள் வீடு கட்டிக் குடியேறினர்.

1908 செப்டம்பர் இறுதி வாரத்தில் பெருமழை பிடித்தது. ஷம்ஷாபாத்தில் 24 மணி நேரத்தில் 12.8 அங்குலமும், 48 மணி நேரத்தில் 18.9 அங்குலமும் மழை பதிவாயிற்று. செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி கரை கடந்தது. அப்சல் கஞ்ச் முதலிய பகுதிகள் நீரில் மூழ்கின. 1578-இல் கட்டப்பெற்ற புராணா புல் என்னும் பழம் பாலம் மட்டும் தாங்கி நின்றது. அதற்குப் பின் வந்த பாலங்கள் வெள்ளத்தில் சிதைந்தன. உயிரிழந்தோர் ஏறத்தாழ 15,000 பேர் என்று கணக்கிட்டனர். உருதுக் கவிஞர் அம்ஜத் ஐதராபாதி தம் தாயையும் மனைவியையும் மகளையும் அவ்வெள்ளத்தில் ஒருசேர இழந்தார். அப்சல் கஞ்சில் நின்ற ஒரு புளியமரத்தின் கிளைகளில் ஏறிக்கொண்ட 150 பேர் அளவில் உயிர் தப்பினர். இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் அம்மரத்தின் அடியில், ஆண்டுதோறும் செப்டம்பர் 28 அன்று அன்பர்கள் கூடி அந்நாளை நினைவுகூர்கின்றனர்.

அக்காலத்து நிஜாம் மகபூப் அலி கான் தம் மாளிகை வாயில்களை வீடிழந்தோருக்குத் திறந்துவிட்டார். கஞ்சித்தொட்டிகள் ஏற்பட்டன. துயர் துடைக்கும் பணி செவ்வனே நடந்தது. ஆயினும், “இனி இப்படி நேராதிருக்க வழி என்ன?” என்பதே அடுத்து எழுந்த வினா.

விசுவேசுவரய்யரின் ஆராய்ச்சி

இவ்வினாவுக்கு விடை காணும் பொறுப்பு மோட்சகுண்டம் விசுவேசுவரய்யரிடம் ஒப்புவிக்கப்பட்டது. பம்பாய் அரசுப் பணியினின்று விலகி அயல்நாடுகளில் பயணம் செய்துகொண்டிருந்த அவரை நிஜாம் அரசு வேண்டி அழைத்தது. 1909-இல் அவர் ஐதராபாத் வந்து ஆராய்ந்து, அவ்வாண்டிலேயே தம் அறிக்கையை அளித்தார்.

அவர் செய்த முதற் காரியம், நதியை நகரத்திற்குள் மட்டும் பாராமல், நீர் வந்த வழியெல்லாம் பார்த்ததுதான். நகருக்கு மேலே மூசியின் நீர்ப்பிடிப்புப் பரப்பு 862 சதுர மைல். அதனுள் 788 ஏரிகள் இருந்தன. சதுர மைலுக்கு ஏறக்குறைய ஓர் ஏரி. அவற்றுள் 221 ஏரிகள் அம்மழையில் உடைந்தன. மேலேரி உடைந்த நீர் கீழேரியின் கரையை மோதிற்று, அதுவும் உடைந்தது. இவ்வாறு அடுக்கடுக்காக உடைந்த நீரெல்லாம் திரண்டு நகரத்தின்மேல் வந்து விழுந்தது. உச்ச வேளையில் நொடிக்கு 4,25,000 கன அடி நீர் ஓடியிருக்கும் என்று அவர் கணித்தார். நகரை அழித்தது மழை மட்டுமன்று. ஏரிகளின் உடைப்பும் சேர்ந்தே அழித்தது என்பதை இக்கணக்கு காட்டுகின்றது. இதனை நாம் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும்.

அவர் கூறிய தீர்வு, நகருக்கு மேலே இரு பெரிய நீர்த்தேக்கங்களைக் கட்டி, வெள்ளத்தை அங்கே தாங்கி, ஆறு தாங்கும் அளவுக்குச் சிறிது சிறிதாக விடுவது. அதன்படி மூசியின் குறுக்கே காண்டிப்பேட்டையில் உஸ்மான் சாகர் 1920-இலும், ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகர் 1927-இலும் நிறைவேறின. முன்னதற்கு ஏழாம் நிஜாமின் பெயரும், பின்னதற்கு அவர் மூத்த மகனின் பெயரும் இடப்பட்டன. வெள்ளம் தடுக்கக் கட்டிய இவை நகருக்குக் குடிநீரும் தந்தன. காண்டிப்பேட்டைத் தண்ணீரின் சுவையை நம் வீட்டுப் பெரியோர் இன்றும் புகழக் கேட்கிறோம்.

நிற்க. 1912-இல் நகர மேம்பாட்டு வாரியம் என்றோர் அமைப்பு ஏற்பட்டது. நெருக்கமான சேரிகளை அகற்றுதல், தெருக்களை அகலப்படுத்துதல், வீடிழந்தோருக்கும் ஏழைகளுக்கும் புது வீடுகள் அமைத்தல் ஆகியன அதன் பணிகள். ஆற்றங்கரையில் இன்று நாம் காணும் உயர்நீதிமன்றமும் உஸ்மானியா மருத்துவமனையும் அக்காலப் புதுக்கோலத்தின் சின்னங்களே. இவையெல்லாம் பெரும்பணிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வாரியம் அரசு நியமித்த அமைப்பு. மக்கள் வாக்களித்து அமைத்த மாநகராட்சி அன்று இல்லை. மன்னர் நல்லவராகவும் பொறியாளர் வல்லவராகவும் அமைந்தமையால் பணி நன்கு முடிந்தது. அவ்விருவரும் எக்காலத்தும் வாய்ப்பார்கள் என்று ஒரு நகரம் நம்பியிருக்க முடியாது.

கொலுசுகட்டு ஏரிகள்

தெலுங்கு மக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்த ஏரிகளைக் “கொலுசுகட்டு செருவுலு” என்பர். கொலுசு என்றால் அவர்கள் மொழியில் சங்கிலி. மேலேரி நிறைந்ததும் உபரி நீர் கலிங்கு வழியே வழிந்து கால்வாயில் ஓடிக் கீழேரியை அடையும்; அது நிறைந்தால் அதற்கும் கீழே. இறுதியில் ஆற்றைச் சேரும். தமிழ்நாட்டில் செங்கற்பட்டு, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்தோருக்கு இவ்வமைப்பை விளக்கவே வேண்டுவதில்லை. நம்மூரில் மடை திறக்க ஒருவர் இருந்ததுபோல, இங்கும் “நீரட்டி” என்றழைக்கப்பட்ட ஊர்ப் பணியாளர் இருந்தார். எந்த மதகை எப்பொழுது திறப்பது, எந்தக் கரை இளகியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

மல்காஜ்கிரிப் பக்கம் நம் அன்பர்கள் பலர் வாழ்கின்றனர். அங்குள்ள சபில்குடா ஏரிக்கு “நடிமி செருவு” என்று ஒரு பழம்பெயர் உண்டு. நடிமி என்றால் நடு. நடுவேரி என்று ஓர் ஏரிக்குப் பெயரிருந்தால், அதற்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றும் இருந்தாக வேண்டுமல்லவா? மேலே இராமகிருஷ்ணாபுரம் ஏரியும், கீழே பண்டா செருவும் உள்ளன. பெயரே வரைபடம் போல வழி காட்டுகின்றது. இவ்வாறே நல்லகுண்டா என்னும் பெயரைக் கேட்ட தமிழர், “நல்ல குட்டை” என்று பொருள் கொள்வர். தெலுங்கில் “நல்ல” என்றால் கருமை, அது கருங்குட்டை. மாசாப் டேங்க் என்னும் இடத்தில் இன்று ஏரி இல்லை. பெயர் மட்டும் இருக்கின்றது. ஏரி போனாலும் பள்ளம் போகாது. பள்ளத்தை நோக்கி ஓடும் குணத்தை நீர் ஒருபோதும் மறவாது.

ஊர்ப்பெயர்களில் ஒளிந்துள்ள இந்த அறிவு அலுவலகத்துக் கோப்புகளில் முழுதும் கிடைப்பதன்று. அது பழங்குடிகளின் நாவிலே வாழ்வது. ஆதலின், வெள்ளத்தைப் பற்றித் திட்டமிடுவோர் அவர்களைக் கேட்டல் மரியாதைக்காக மட்டுமன்று. திட்டம் பிழைபடாதிருக்க அது வேண்டும்.

பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் 1914-இல் இந்தியா வந்து, சென்னை மாகாணத்து நகரங்கள் பலவற்றைக் கண்டு அறிக்கைகள் எழுதினார். திட்டம் தீட்டுமுன் ஊரை நடந்து பார். அங்கு வாழ்வோரின் வாழ்வை அறி. பழையதை இடிக்காமல் கூடியவரை திருத்து என்பவை அவர் வற்புறுத்திய நெறிகள். ஏரி குளங்களைத் தூர்ப்பதைவிடத் தூய்மை செய்து காப்பதே நன்று என்பதும் அவர் கருத்து. நூறாண்டுக்கு முன்னரே கூறப்பட்ட இந்நெறி இன்றும் புதிதாகவே தோன்றுவது, நாம் அதனை இன்னும் கைக்கொள்ளவில்லை என்பதற்குச் சான்று.

உத்தரமேரூரின் ஏரி வாரியம்

ஊரார் கூடி நீரை ஆளுதல் நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் இதனை விரித்துரைக்கின்றன. அவ்வூர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடவோலை முறையில் ஆள் தேர்ந்து, சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவரும், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரும், ஏரி வாரியத்துக்கு அறுவரும் அமர்த்தப்பட்டனர். பதவிக் காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பதவிக்கு வர இயலாது. ஏரிக்கென்றே தனி வாரியம் வைத்ததும், அதற்குக் கணக்கு கேட்டதும் நாம் பெருமை கொள்ளத்தக்கவை.

ஆனால் பெருமையோடு நின்றுவிடலாகாது. அவ்வாரியத்தில் இடம்பெற நிலமும் மனையும் வேதக் கல்வியும் வேண்டும். உழுதவனுக்கும், கரையில் மண் சுமந்தவளுக்கும் அங்கே குடவோலை இல்லை. இன்றைய குடியரசில் அவ்வரம்புகள் இல்லை. வாக்குரிமை யாவர்க்கும் உண்டு. சோழர் காலத்தாரினும் பரந்த உரிமையைப் பெற்ற நாம், ஏரியைப் பற்றி அவர்கள் கொண்ட கவலையில் ஒரு பங்கேனும் கொள்கிறோமா என்பதே கேள்வி.

அணை இருந்தும் வந்த வெள்ளங்கள்

இரு சாகரங்களும் கட்டியபின் நகரம் நெடுங்காலம் அச்சமின்றி உறங்கியது. அச்சம் நீங்கியதும் மறதி வந்தது. ஏரிகளின் நீர்ப்பரப்பில் மனைகள் எழுந்தன. கால்வாய்கள் குறுகி நாலாக்கள் ஆயின. நாலாக்களின் மேலும் வீடுகள் வந்தன.

2000 ஆகஸ்டு 24-ஆம் நாள் 24 மணி நேரத்தில் நகரில் 24 சென்டிமீட்டர் அளவில் மழை கொட்டியது. ஹுசேன் சாகர் நிறைந்து, அதன் உபரி நாலாவை ஒட்டிய தோமல்குடா, அசோக் நகர் முதலிய தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கின. அதன்பின் நகரின் மழைநீர் வடிகால்களை ஆராய்ந்த கிர்லோஸ்கர் ஆலோசகர்கள் நாலாக்களை அகலப்படுத்தும் திட்டத்தை அளித்தனர். அதன் பெரும்பகுதி ஏட்டளவில் நின்றது. நாலாவை அகலப்படுத்த வேண்டுமாயின் அதன் ஓரத்தில் வாழ்வோருக்கு மாற்றிடம் தர வேண்டும். அவரோடு பேசி இசைவு பெற வேண்டும். பேசாத பேச்சு, வெட்டாத கால்வாயாக முடிந்தது.

2020 அக்டோபர் 13, 14 தேதிகளில் மீண்டும் பெருமழை பெய்தது. பழைய நகரின் தெற்கே பல்லே செருவு உடைந்தது. சில நாளில் குர்ரம் செருவும் உடைந்தது. அவற்றின் கீழ் இருந்த குடியிருப்புகளில் நள்ளிரவில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. மல்காஜ்கிரியில் பண்டா செருவுக்குக் கீழுள்ள தெருக்களிலும் வெள்ளம் நின்றது. 1908 வெள்ளத்துக்கு விசுவேசுவரய்யர் கண்டறிந்த அதே காரணம், அவ்வெள்ளத்துக்கு 112 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தலைகாட்டியது. சாகரங்கள் தடுப்பன தமக்கு மேலே பெய்யும் மழையை மட்டுமே. தமக்குக் கீழே, நகரத்தின் மேலேயே பெய்யும் மழையை அவை என் செய்யும்? அதனை ஏற்று நிறுத்த வேண்டியவை நகரத்து ஏரிகள்.

2025 செப்டம்பர் 26-ஆம் நாள் இரவு, நிறைந்த சாகரங்களிலிருந்து விடப்பட்ட நீர் மூசியில் பெருகி, ஆற்றின் நடுவே அமைந்த மகாத்மா காந்தி பேருந்து நிலையத்துக்குள் புகுந்தது. பயணிகள் இரவில் அங்கே சிக்கித் தவித்தனர். தேக்கமும் நிறைந்துவிட்டால் நீரைக் கீழே விட்டேயாக வேண்டும். விடுகின்ற செய்தி நீருக்கு முன்னே மக்களை அடைய வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இருப்புப் பாதையும் ஏரியும்

இதனை ரயில்வே ஊழியர் குடும்பங்களுக்கு ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1956 செப்டம்பரில் ஜட்சர்லாவுக்கும் மகபூப்நகருக்கும் இடையே வெள்ளத்தால் பாலம் இடிந்து ரயில் கவிழ்ந்தது. அவ்வாண்டு நவம்பர் 23-இல் தமிழகத்து அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் அதேபோன்ற கோரம் நிகழ்ந்தது. அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதை நாடறியும். 2005 அக்டோபர் 29 விடியற்காலையில், ரேபல்லேயிலிருந்து சிகந்தராபாத் நோக்கி வந்த டெல்டா பாஸஞ்சர், வலிகொண்டா அருகே கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மேலே இருந்த ஏரி உடைந்து, சிறு பாலத்தையும் பாதையையும் அரித்துச் சென்றிருந்தது. ஏரி உடைந்த செய்தி ரயிலுக்கு முன்னே வந்து சேரவில்லை.

ரயில்வேயில் “ரயில்வேயைப் பாதிக்கும் ஏரிகள்” என்றொரு பதிவேடு உண்டு. பாதைக்கு மேலேயுள்ள எந்த ஏரி உடைந்தால் எந்தப் பாலத்துக்குக் கேடு என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். மழைக்காலத்துக்கு முன் ரயில்வே பொறியாளரும் மாநிலப் பாசன அதிகாரிகளும் அவற்றைக் கூடிச் சென்று பார்வையிட வேண்டும் என்பது விதி. பாலங்களின் தூணில் முன் வந்த பெருவெள்ளத்தின் மட்டம் கோடிட்டுக் காட்டப்பட்டிருக்கும். ஒரு பாதைக்கு வேண்டும் இந்த ஏற்பாடு ஒரு குடியிருப்புக்கு வேண்டாவா? நம் தெருவுக்கு மேலே எந்த ஏரி? அதன் கலிங்கு எங்கே? சென்ற வெள்ளம் எந்தப் படி வரை ஏறியது? இவ்வினாக்களுக்கு ஒவ்வொரு காலனியும் தன் ஏட்டில் விடை எழுதி வைத்தல் வேண்டும்.

சட்டம் தரும் இடம்

இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகையுள்ள நகராட்சிகளில் வார்டுக் குழுக்கள் அமைய வேண்டும் என்கிறது. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், மாவட்டத் திட்டத்தை உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்தே வகுக்க வேண்டும் என்கிறது. நகரின் பெருந்திட்ட வரைவை முதலில் வெளியிட்டு, மக்களின் ஆட்சேபனைகளையும் யோசனைகளையும் கேட்க வேண்டும் என்பது நகர வளர்ச்சிச் சட்டத்தின் விதி. ஏரிகளின் முழு நீர்மட்ட எல்லையை உறுதி செய்யுமுன்னும் முதற்கண் ஓர் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபனை கேட்கின்றனர்.

ஆயினும் கேட்டல் என்பது பெயருக்கு நடந்தால் பயனில்லை. 1996-இல் பிறந்த 111-ஆம் எண் அரசாணை, இரு சாகரங்களைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் எல்லைக்குள் 84 கிராமங்களில் பெரும் கட்டடங்களைக் கட்டுப்படுத்திற்று. நகரத்தாருக்கு அது காப்பு. ஆனால் அக்கிராமத்தார், தங்கள் நிலம் விலைபோகாமல் முடங்கியது என்று நெடுநாள் முறையிட்டனர். 2022 ஏப்ரலில் அரசு மற்றோர் ஆணையால் அக்கட்டுப்பாட்டை நீக்கியது. மேலே உள்ளவர் சுமையைத் தாங்க, கீழே உள்ளவர் பயனைப் பெறும் ஏற்பாடு, இரு சாராரும் ஒரே அவையில் அமர்ந்து பேசி ஈடு செய்துகொண்டாலன்றி நிலைக்காது.

2024-ஆம் ஆண்டு இரு செய்திகளை இங்குக் கருதலாம். அவ்வாண்டு ஜூலையில், ஏரிகளையும் நாலாக்களையும் ஆக்கிரமிப்பினின்று மீட்கும் பொறுப்புடன் ஹைட்ரா என்னும் அமைப்பு ஏற்பட்டது. அதன் முயற்சியால் ஆம்பர்பேட்டையில் மறைந்து கிடந்த பதுகம்மா குண்டா 2025-இல் மீண்டும் நீர் நிறைந்த குளமாயிற்று. இது மகிழத்தக்கது. மற்றொன்று, 2024 செப்டம்பரில் மூசிப் படுகையில் வாழ்ந்த ஏழைகளின் சுவர்களில் செந்நிறத்தில் “ஆர்.பி.எக்ஸ்” என்று குறியிட்டது. வேறிடத்தில் வீடு தருவதாக அரசு கூறியது. சிலர் சென்றனர், பலர் அழுது தடுத்தனர். ஆற்றுப் படுகையில் குடியிருத்தல் ஆபத்து என்பது மெய்யே. ஆயினும், பிள்ளைகளின் பள்ளி எங்கே, கூலிவேலை எங்கே என்பவற்றைச் சுவரில் குறியிடுமுன் அமர்ந்து பேசியிருந்தால் அக்கண்ணீரில் பாதியேனும் குறைந்திருக்கும். குறி முதலில், பேச்சு பின்னர் என்பது முறையன்று.

நம் கடமை

“நாம் வெளியூரார், நமக்கேன் இவ்வூர் நகராட்சி விவகாரம்?” என்று நம்மவருள் சிலர் கருதுவதுண்டு. சென்னைப் படைப்பிரிவுகளோடும் ரயில்வேயோடும் நம் முன்னோர் இங்கு வந்து தலைமுறைகள் பல கடந்தன. வரி இங்கே கட்டுகிறோம். வாக்கு இங்கே அளிக்கிறோம். பிள்ளைகள் தெலுங்கும் உருதும் தமிழும் கலந்து பேசி வளர்கின்றனர். வெள்ளம் வீட்டு வாயிலில் நின்று, “நீ எந்த ஊர்?” என்று கேட்பதில்லை. கூலி வேலை செய்யும் அண்டைவீட்டாரின் தகரக் குடிசையில் புகும் நீர் மறுமணி நேரத்தில் நம் கூடத்திலும் புகும்.

ஆதலின், அன்பர்களே, நாம் செய்யத்தக்கவை சில உண்டு. மழைக்காலத்துக்கு முன் காலனிக்கு ஒருவர் இருவராகச் சென்று, நமக்கு மேலே உள்ள ஏரியையும் கீழே ஓடும் நாலாவையும் ஒருமுறை கால்நடையாகப் பார்த்து வரலாம். அவ்விடத்துத் தெலுங்குப் பெரியோரைக் கேட்டுப் பழைய நீர்வழியை எழுதி வைக்கலாம். முன்வந்த வெள்ளத்தின் மட்டத்தைத் தெருமுனைச் சுவரில் குறிக்கலாம். முதியோர், நோயாளிகள், கைக்குழந்தை உள்ளோர் இருக்கும் வீடுகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஏரி எல்லை பற்றிய அறிவிப்பும், பெருந்திட்ட வரைவும் வரும்போது, குறித்த நாளுக்குள் நம் கருத்தை எழுத்தில் தரலாம். கூட்டத்துக்குப் பெண்டிர் வருதல் மிக இன்றியமையாதது. பகலெல்லாம் வீட்டிலிருந்து, நீர் எந்த மூலையில் முதலில் ஊறுகிறது என்பதைக் கண்டவர் பலவிடத்தும் அவர்களே. நாலாவில் குப்பை கொட்டாமை நாம் பிறரிடம் கேளாமலே செய்யக்கூடிய தொண்டு.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் பெரியோர் வாக்கு. அணையை ஒரு விசுவேசுவரய்யர் போட்டார். அது நூறாண்டு தாங்கிற்று. அணைக்குக் கீழேயுள்ள ஏரிகளையும் கால்வாய்களையும் காக்க எந்த ஒரு பேரறிஞராலும் தனித்து இயலாது. அதற்கு ஊரே காவல். ஊரைக் கேட்டு நகராட்சி நடக்கவும், நகராட்சியைக் கேள்வி கேட்டு ஊர் நடக்கவும் பழகினால், செப்டம்பர் 28 துயர் நினைக்கும் நாளாக மட்டுமன்றி, பாடம் கற்ற நாளாகவும் விளங்கும். அப்பணியில் தமிழ் மக்களின் பங்கும் குறையாதிருப்பதாக.